காயில் மாற்றவா, கீசரையே மாற்றவா?

மார்கழி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு நகரங்களில் ஓர் உரையாடல் வீட்டுக்கு வீடு கேட்கும். கீசரின் அடிமூடியைக் கழற்றிக் காயிலை வெளியே எடுத்த எலக்ட்ரீஷியன், அதை வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். பளபளவென்று செம்புக் குழாயாக இருக்க வேண்டியது, வெள்ளையும் பழுப்புமாகச் சுண்ணாம்பு அப்பி, சிப்பி ஒட்டிய தோணிக் கட்டைபோல இருக்கும். தட்டினால் ஓடு ஓடாக உதிரும். "காயில் மாத்திரலாம் சார். ஆனா டேங்கும் எட்டு வருஷம் ஆச்சு. புதுசு வாங்கிட்டீங்கன்னா நிம்மதி." வீட்டுக்காரர் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

அந்த ஐந்து நிமிடக் கேள்விக்குப் பின்னால் ஏறக்குறைய இருநூறு ஆண்டு யோசனை இருக்கிறது. வனவியலாளர், பொருளியலாளர், விமானப் பொறியாளர், நுகர்வோர் அமைப்பு, தெருமுனை மெக்கானிக் என்று பலர் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் வயதைப் பார்க்கச் சொன்னார், இன்னொருவர் செலவை, வேறொருவர் மின்கட்டணத்தை. ஒவ்வொரு பதிலும் எங்கே பிறந்தது, கீசருக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பார்த்தால்தான் அந்த ஐந்து நிமிடத்தைச் சரியாகச் செலவிட முடியும்.

செப்பு பாய்லர் விட்டுச்சென்ற பழக்கம்

இரண்டு தலைமுறைக்கு முன் இந்தக் கேள்வியே எழவில்லை. நடுவில் கரி போடும் குழாய் ஓடும் செப்பு பாய்லரில் ஓட்டை விழுந்தால் பற்றுவைத்துத் தருவார்கள். இனிப் பற்று நிற்காது என்றால் பாய்லர் எடைக்குப் போகும். அதே செம்பு வேறு பாத்திரமாகத் திரும்பி வரும். முழுக்க ஒரே உலோகம், கனமான தகடு. பழுது பார்ப்பதற்கு எல்லையே இல்லை என்ற நம்பிக்கை அந்தப் பாத்திரத்துக்கு நியாயமானதுதான்.

கீசர் வேறு சாதி. 1868-இல் லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மான் எரிவாயுவில் நீரைச் சூடாக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்று, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்தப் பெயர்தான் நம் குளியலறைவரை வந்து சேர்ந்தது. நார்வேயில் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வேலை பார்த்த எட்வின் ரூட் 1889-இல் தானாகவே இயங்கும் சேமிப்புத் தொட்டி ஹீட்டரை உருவாக்கினார். வெந்நீரை இரும்புத் தொட்டியில் தேக்கத் தொடங்கியதும் துருவைப் பற்றிய கவலையும் கூடவே வந்தது.

இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான கீசர்களின் டேங்க், உட்புறம் கண்ணாடிப் பூச்சு சுட்டுப் பதித்த எஃகுத் தகடு. பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கவே செய்யும். அவற்றின் வழியே தண்ணீர் எஃகைத் தொடும் இடத்தில் துரு பிடிக்காமல் காக்க, டேங்குக்குள் ஒரு மெக்னீசியக் கம்பி தொங்கவிடப்படுகிறது. ஆனோடு ராடு என்று அதற்குப் பெயர். எஃகுக்கு முன்னால் தான் கரைந்து அதைக் காப்பாற்றுவது அதன் வேலை. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டனின் ராயல் சொசைட்டிக்கு அளித்த யோசனை இது. கப்பலின் அடியில் அடித்த செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்து வைத்தால் செம்பு கரையாது என்று அவர் காட்டினார். செம்பும் கரையாமல் நின்றது; ஆனால் கரையும் செம்பின் நஞ்சு இல்லாமல் போனதால் கப்பலில் சிப்பிகள் ஒட்டத் தொடங்கின. ஒரு பாகத்தைக் காத்தால் தொல்லை இன்னொரு பாகத்துக்கு இடம் மாறும் என்பதற்குப் பழைய சான்று அது.

ஆக, கீசர் என்பது மாற்றப்படுவதற்கென்றே வைத்த பாகங்களும், மாற்றவே முடியாத ஒரு பாகமும் சேர்ந்த பொருள். இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காத எந்தப் பதிலும் பாதிப் பதில்தான்.

மரம், பேருந்து, விமானம்

இருப்பதை எப்போது எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது என்பதற்குக் கணக்கு போட்டவர்களில் முன்னோடி ஜெர்மானிய வனவியலாளர் மார்ட்டின் ஃபாஸ்ட்மன். ஒரு மரத்தை இன்னும் ஓராண்டு நிற்கவிட்டால் அது வளரும். ஆனால் அந்த இடத்தில் நட வேண்டிய அடுத்த மரம் ஓராண்டு தாமதப்படும். இரண்டையும் எடைபோட்டு வெட்டும் ஆண்டைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தை அவர் 1849-இல் வெளியிட்டார். 1925-இல் ஹெரால்டு ஹோட்டலிங் இயந்திரங்களின் தேய்மானத்துக்கும், 1940-இல் கேப்ரியல் பிரைன்ரைக் தொழிற்கருவிகளின் ஆயுளுக்கும் இதே வழியில் கணக்கு வகுத்தார்கள். 1949-இல் ஜார்ஜ் டெர்போர்க் இதைத் தொழிற்சாலை மேலாளர்களுக்கான நூலாகவே எழுதினார்.

இவர்கள் அனைவரும் கேட்கச் சொன்னது, பழுதுச் செலவு எவ்வளவு என்பதை அல்ல; அந்தச் செலவு எத்தனை ஆண்டு வாங்கித் தரும் என்பதை. ஒரு கணக்குக்கு, புதிய கீசர் பொருத்துக்கூலியோடு 9,000 ரூபாய், எட்டு ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,125 ரூபாய். காயிலும் கேஸ்கெட்டும் மாற்ற 1,500 ரூபாய் ஆகி, கீசர் இன்னும் இரண்டு ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 750 ரூபாய். பழுது பார்ப்பதே லாபம். ஒரே ஆண்டில் டேங்க் ஒழுகிவிட்டால் அதே பழுது நஷ்டம். முடிவு முழுவதும் அந்த "இன்னும் எத்தனை ஆண்டு" என்ற ஊகத்தில் தொங்குகிறது.

அந்த ஊகத்தை ஓர் அனுபவசாலி எப்படிச் செய்கிறார் என்று ஆராய்ந்த கட்டுரை 1987-இல் வந்தது. அமெரிக்காவின் மேடிசன் நகரப் பேருந்து நிறுவனத்தில் பராமரிப்புக்குப் பொறுப்பாயிருந்த ஹெரால்டு சர்ச்சர், எந்தப் பேருந்தின் இன்ஜினை எப்போது மாற்றினார் என்ற பத்தாண்டுப் பதிவேட்டைப் பொருளியலாளர் ஜான் ரஸ்ட் எடுத்து அலசினார். ஓடிய தூரம், மாற்றும் செலவு, நடுவழியில் நின்றுபோகும் அபாயம் ஆகியவற்றை மனத்துக்குள் எடைபோட்டுத்தான் சர்ச்சர் முடிவெடுத்திருக்கிறார் என்று கொள்வது அந்தப் பதிவுகளோடு நன்றாகவே பொருந்தியது. ஆனால் சர்ச்சரின் கையில் நூற்றுக்கு மேற்பட்ட பேருந்துகளும் அவற்றின் வரலாறும் இருந்தன. ஒரு வீட்டில் இருப்பது ஒரு கீசர். அதன் வரலாறும் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. பொருளியல் பதிலின் பலவீனம் இதுதான்: சூத்திரம் சரி, போட வேண்டிய எண் கையில் இல்லை.

வயதும் பாதி விலையும்

எண் இல்லாதபோது மக்கள் விதியைத் தேடுகிறார்கள். அப்படிப் புழங்கும் விதிகள் இரண்டு.

முதலாவது வயது. எட்டு ஆண்டோ பத்து ஆண்டோ தாண்டினால் மாற்றிவிடு என்பது. ஒரு பொருள் பழசாக ஆகக் கெட்டுப்போகும் வாய்ப்பு கூடுகிறது என்ற நம்பிக்கை இதன் அடித்தளம். யுனைட்டெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் நோலனும் ஹீப்பும் 1978-இல் வெளியிட்ட அறிக்கை அந்த நம்பிக்கையை உலுக்கியது. அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் ஏறத்தாழ 11 சதவீதத்துக்கு மட்டுமே வயது வரம்பு வைப்பதால் பயன் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. மற்றவற்றில் வயதுக்கும் பழுதுக்கும் அப்படித் தெளிவான தொடர்பு இல்லை. விமான முடிவைக் குளியலறைக்கு அப்படியே கொண்டுவர முடியாது; ஆனால் அதன் பாடம் இங்கும் செல்லும். தெர்மோஸ்டாட் மூன்றாம் மாதமும் போகும், பன்னிரண்டாம் ஆண்டும் போகும். டேங்க் அப்படியல்ல. ஆனோடு கரைந்து தீர்ந்தபின் அதன் மேல் காலம் ஏறிக்கொண்டே போகிறது. வயது விதி டேங்குக்கு ஓரளவு பொருந்தும், மற்ற பாகங்களுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, பாதி விலை விதி. பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் செய்யாதே என்று அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் போன்ற அமைப்புகள் சொல்லிவருகின்றன. நினைவில் நிற்கும், எளிது. ஆனால் கீசரில் இது அதிகம் உதவுவதில்லை. காயில், தெர்மோஸ்டாட், வால்வு எதுவுமே பொதுவாகத் தனியாகப் பாதி விலையைத் தொடுவதில்லை. விதியை அப்படியே பின்பற்றினால் ஒவ்வொரு முறையும் "பழுது பார்" என்றே விடை வரும். ஆண்டுக்கொரு காயில் எரிந்தாலும் விதி மீறப்படாது. பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

மெக்கானிக்கின் பதில்: டேங்க் போனால் போச்சு

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்லும் பதில் இந்த விதிகளைவிடக் கூர்மையானது. டேங்க் ஒழுகினால் கீசர் முடிந்தது, மற்றதெல்லாம் மாற்றலாம். இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. கண்ணாடிப் பூச்சுள்ள எஃகை வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் பூச்சு வெடித்து உரிந்துவிடும். அடைத்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே புதிய துரு தொடங்கும். டேங்கைச் சுற்றி வெப்பம் வெளியேறாமலிருக்க நுரையை ஊற்றி இறுக்கியிருப்பதால் உள்ளே கைபோகவும் வழியில்லை. செப்பு பாய்லருக்குப் பற்றுவைத்த பழக்கம் இங்கே செல்லாது.

ஆனால் "ஒழுகுகிறது" என்ற சொல்லுக்குள்ளேயே நாலைந்து வேறு வேறு நிலைமைகள் இருக்கின்றன. அவசர முடிவுகளில் பாதி இங்கேதான் தவறாகிறது.

சூடேறும் நேரத்தில் மட்டும் பக்கத்திலிருக்கும் சேஃப்டி வால்விலிருந்து சொட்டுகிறதா? அது பழுதே இல்லாமல் இருக்கலாம். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு, விரிகிறது. வால்வு பின்னோக்கி விடாத வகையாக இருந்தால் அந்த ஒரு டம்ளர் வெளியேறத்தான் வேண்டும். எந்நேரமும் சொட்டினால் வால்வு கெட்டிருக்கலாம், அல்லது தண்ணீர் அழுத்தம் கூடுதலாக இருக்கலாம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. உயரமான அடுக்ககங்களில் கீழ்த்தள வீடுகளுக்கு 8 பார் தாங்கும் கீசர் பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். காயில் பொருத்திய ஃபிளேஞ்சைச் சுற்றி ஈரம் கசிந்தால் பெரும்பாலும் கேஸ்கெட். குழாய் இணைப்பில் கசிந்தால் கனெக்‌ஷன் பைப். இவை எதுவும் இல்லாமல், வெளி மூடிக்குள்ளிருந்து துருநிறத் தண்ணீர் இறங்கினால்தான் டேங்க்.

இன்னொரு தவறான அடையாளம், "முன்னபோல சீக்கிரம் சூடாகலை" என்பது. 2,000 வாட் காயில் 15 லிட்டரை 25-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 18 நிமிடம் எடுக்கும். அது 230 வோல்ட்டில். வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் காயிலின் திறன் முக்கால் பங்காகக் குறைந்து, அதே வேலைக்கு 24 நிமிடம் ஆகும். குளிர்காலக் காலையில் தெருவே கீசர் போடும் வேளையில் வோல்டேஜ் சரிந்திருந்தால் பழி கீசர்மேல் விழும்.

மெக்கானிக்கின் பதிலிலும் ஓர் ஓட்டை உண்டு. டேங்க் ஒழுகிய பிறகு வரும் தீர்ப்பு அது. ஒழுகப்போகிறதா என்று முன்கூட்டியே சொல்ல அதனால் முடியாது. அதற்கு அருகில் நம்மைக் கொண்டுபோகக்கூடிய ஒரே சாட்சி ஆனோடு. காயிலைக் கழற்றும்போதே அதையும் பார்க்கலாம். பாதி மெக்னீசியம் மிச்சமிருந்தால் டேங்க் இன்னும் காவலில் இருக்கிறது என்று கொள்ளலாம். நடுக்கம்பி மட்டும் மொட்டையாக நின்றால் காவல் எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது.

'உப்பு' என்ற ஒரே சொல்

கோயம்புத்தூரில் ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர் வரும். சிறுவாணி, நல்ல தண்ணி. போர், உப்புத் தண்ணி. நல்ல தண்ணீர் அடுக்களைக்குப் போகும். குளியலறைக்கும் கீசருக்கும் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். சென்னையிலும் மெட்ரோ தண்ணீர், போர், லாரி மூன்றும் பருவத்துக்குத் தக்கபடி ஒரே தொட்டியில் கலக்கின்றன. கீசரின் ஆயுளைப் பற்றி எந்த நாட்டுச் சராசரியைச் சொன்னாலும் இந்தத் தொட்டியைக் கேட்காமல் சொன்னதாகவே ஆகும்.

நம் பேச்சில் 'உப்பு' என்ற ஒரே சொல் இரண்டு வேறு தொல்லைகளை மூடிவைக்கிறது. ஒன்று கடினத்தன்மை. கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் சிதைந்து சுண்ணாம்பாகப் படிவது. இது காயிலின் எதிரி. சுண்ணாம்பு செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் மந்தமாகவே வெப்பத்தைக் கடத்தும். அதனால் காயிலின் உறை தன் சூட்டைத் தண்ணீரிடம் தள்ள முடியாமல் தானே வெந்து வெடிக்கிறது. மற்றொன்று குளோரைடு உள்ளிட்ட கரைந்த உப்புகளின் மொத்த அளவு. இது தண்ணீரின் மின்கடத்தலைக் கூட்டி ஆனோடை வேகமாகத் தின்கிறது. இது டேங்கின் எதிரி. சாஃப்ட்னர் வைத்தால் முதல் தொல்லை குறையும். ஆனால் அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருவதால் மொத்த உப்பு ஏறக்குறைய அப்படியே நிற்கும். காயில் பிழைத்தாலும் ஆனோடு பிழைத்ததாகச் சொல்ல முடியாது. காயில் அடிக்கடி போகும் வீட்டில் டேங்கும் சீக்கிரம் போகும் என்ற பொதுக்கருத்து, ஆதலால் எப்போதும் உண்மையல்ல.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. அமெரிக்காவின் பேட்டல் ஆய்வு நிறுவனம் 2009-இல், லிட்டருக்கு ஏறத்தாழ 445 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரில் ஹீட்டர்களை ஓட்டிப் பார்த்தது. எரிவாயு ஹீட்டர்களின் செயல்திறன் சுண்ணாம்பு படியப் படியச் சரிந்தது. மின் ஹீட்டர்களில் செயல்திறன் குறையவில்லை. காயிலின் ஆயுள்தான் குறையக்கூடும் என்று தெரிந்தது. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நீர்ச் சுத்திகரிப்புத் துறை சார்ந்த அறக்கட்டளை. அந்தத் துறைக்குச் சாதகமில்லாத முடிவு என்பதால் மின் ஹீட்டர் பற்றிய பகுதியை நம்பலாம் என்றே தோன்றுகிறது. சுண்ணாம்பு படிந்தால் கரண்ட் பில் ஏறும் என்று நம் ஊரில் சொல்லப்படுவதற்கு மின் கீசரைப் பொறுத்தவரை ஆதாரம் பலவீனம்.

கரண்ட் பில் வாதம்

பழசை எறிந்து ஐந்து ஸ்டார் வாங்கினால் மின்சாரத்திலேயே விலை திரும்பிவிடும் என்பது கடைகளில் கேட்கும் வாதம். இது ஃபிரிட்ஜிலிருந்து வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிம், கியோலியன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆற்றலை மட்டும் பார்த்தால் அமெரிக்கக் குளிர்பதனப் பெட்டியை 2 முதல் 7 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது என்று வந்தது. வீட்டுக்காரரின் பணத்தைப் பார்த்தால் 18 ஆண்டு வைத்துக்கொள்வதே லாபம் என்றும் அதே ஆய்வு சொன்னது. ஃபிரிட்ஜிலேயே இரண்டு விடை.

கீசரிலோ வாதம் இன்னும் மெலிகிறது. பழைய காயிலும் சரி, புதிய காயிலும் சரி, வாங்கிய மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் சூடாக்குகின்றன. 15 லிட்டருக்கு 0.6 யூனிட் என்பது இயற்பியல். எந்த ஸ்டாரும் அதைக் குறைக்காது. ஸ்டார் அளப்பது, சூடான நீர் டேங்கில் நிற்கும்போது இழக்கும் வெப்பத்தை. நாள் முழுதும் ஹீட்டர் இயங்கும் அமெரிக்க வீட்டில் அது பெரிய தொகை. குளிக்கப் போகுமுன் சுவிட்சைப் போட்டு, குளித்ததும் அணைக்கும் தமிழ் வீட்டில் அது சில்லறை. ஆண்டு முழுதும் சுவிட்சை அணைக்காத வீடுகளும் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் ஸ்டார் வாதம் செல்லும்.

காயிலையே விட்டு வேறு முறைக்குப் போவது தனிக் கேள்வி. ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் மூன்று யூனிட் வெப்பத்தை நீருக்குள் சேர்க்கும். அமெரிக்க எரிசக்தித் துறை 2024-இல் வெளியிட்ட விதி, 2029 முதல் அங்கே விற்கும் வழக்கமான அளவு மின் ஹீட்டர்களை அந்தத் திறனுக்குக் கொண்டுவர முனைகிறது. மொட்டைமாடி உள்ளவர்களுக்கு சோலார் ஹீட்டர் ஏற்கெனவே பழக்கமானது. டேங்க் ஒழுகி எப்படியும் மாற்ற வேண்டிய நாளில் இவற்றை எண்ணிப் பார்ப்பது பொருத்தம். நல்ல டேங்கைக் கழற்றுவதற்கு இவை காரணமாகுமா என்பது ஒரு வீட்டின் வெந்நீர்ச் செலவைப் பொறுத்தது.

யார் சொல்வதை நம்புவது

பழுது பார்க்கிறவருக்குத் தெரிந்தது வீட்டுக்காரருக்குத் தெரியாது. வேலை முடிந்த பிறகும் அது தேவைப்பட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது. இத்தகைய சேவைகளில் மிகைப்பரிந்துரை ஏன் மறைவதில்லை என்று டார்பியும் கார்னியும் 1973-லேயே எழுதினார்கள். புதியதை விற்பவருக்கு லாபம் ஒரு பக்கம் இழுக்க, வருகைக்கு இவ்வளவு என்று வாங்குபவருக்கு மறுபக்கம் இழுக்கிறது. இதில் தனிமனிதரின் நேர்மை மட்டுமே தீர்வாகாது. கழற்றிய பாகத்தைக் கையில் கொடுக்கச் சொல்வதும், ஆனோடைக் காட்டச் சொல்வதும் வீட்டுக்காரரின் உரிமை.

நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. வீட்டுச் சாதனங்களும் அதன் வரம்பில் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளம் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் ஃபிளேஞ்சின் துளை அமைப்பும் காயிலின் வளைவும் மாடலுக்கு மாடல் மாறிக்கொண்டிருக்கும்வரை, உரிமை இருந்தும் உதிரிபாகம் கிடைக்காத நிலை தொடரும்.

எந்தத் தரப்பும் மறுக்கக்கூடாத ஓர் எல்லையும் உண்டு. தெர்மோஸ்டாட்டோ கட்அவுட்டோ கெட்டபோது அதை ஒதுக்கிவிட்டு ஒயரை "டைரக்ட்" கொடுப்பது பழுதுபார்த்தல் ஆகாது. சேஃப்டி வால்வை அடைப்பதும் அப்படியே. மூடிய பாத்திரத்தில் நிறுத்தாமல் சூடேற்றுவது வெடிகுண்டு செய்வதற்குச் சமம். சரியான பாகம் கிடைக்கவில்லையென்றால் அந்தக் கீசர் எவ்வளவு புதியதாக இருந்தாலும் ஓடக்கூடாது.

தீராமல் நிற்பவை

சில கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்தால் சுண்ணாம்பு குறைவாகப் படியும்; ஆனால் 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகக்கூடும் என்பதால் 60 டிகிரியில் வைக்கவே பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. கீசரின் ஆயுளும் மனிதரின் உடல்நலமும் இங்கே எதிரெதிர் திசையில் இழுக்கின்றன. புதிய டேங்க் செய்ய உருக்கும் எஃகும் ஊற்றும் நுரையும் சுற்றுச்சூழலுக்கு ஏற்றும் சுமையை, பழையதை வைத்துக்கொள்வதால் மிஞ்சும் நன்மையோடு எப்படி எடைபோடுவது என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை.

இருக்கும் ஆதாரங்களை வைத்து இவ்வளவு சொல்லலாம். டேங்க் உறுதியாக ஒழுகினால் மாற்ற வேண்டியதுதான். டேங்க் காய்ந்திருந்து ஆனோடும் மிச்சமிருந்தால், எட்டு வயதானாலும் காயில் மாற்றுவதே பெரும்பாலும் சரி. கூடவே ஆனோடையும் மாற்றுவது நல்லது. ஆனோடு முற்றிலும் கரைந்து, காயிலும் எரிந்திருந்தால் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. அங்கே முடிவைத் தீர்மானிப்பது, கீசர் எந்தத் தண்ணீரில், எத்தனை நாள் காவலின்றி நின்றது என்பது.

மேடிசன் நகரத்து சர்ச்சரிடம் இருந்ததும் நம் வீடுகளில் இல்லாததும் அந்தப் பதிவுதான். கீசரின் பக்கவாட்டில் உற்பத்தி மாதம் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அடுத்த முறை மூடியைக் கழற்றும்போது, காயில் மாற்றிய தேதி, ஆனோடு எவ்வளவு மிச்சம், அந்த ஆண்டு போர் தண்ணீரா மெட்ரோவா என்ற மூன்றையும் அதன் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள்.